பக்கத்தில் இருந்த பிடில் நடுவுக்கு வந்த கதை!

சபாவில் இருந்த வயலினைத் திருவிழா மேடைக்குக் கொண்டுவந்த நம்ம ஊர்ப்பக்கத்து மனுஷர் குன்னக்குடி வைத்தியநாதன்

'கர்நாடக சங்கீதமா? அதெல்லாம் மயிலாப்பூர் மேட்டர், நம்மளை விட்ருங்க பாஸ்' என்று எஸ்கேப் ஆகிற ஆளா நீங்கள்? ஒரு சின்ன டெஸ்ட்.

'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' பாட்டு தெரியுமா? தெரியும். 'மருதமலை மாமணியே'? அதுவும் தெரியும். முதுகுளத்தூர் பக்கம் பொங்கல், முளைப்பாரி என்று எந்தத் திருவிழா வந்தாலும் ரேடியோ செட்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டின கையோடு போடுகிற பாட்டுகளாச்சே! காப்புக் கட்டினதில் இருந்து முளைப்பாரியைக் கரைக்கிற வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். பரமக்குடி காலேஜுக்கு பஸ் ஏறுகிற பையனில் ஆரம்பித்து, திண்ணையில் வெற்றிலை இடிக்கிற அப்பத்தா வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம்.

இந்த ரெண்டு பாட்டுக்கும் மெட்டுப் போட்டவர் ஒருத்தர்தான். அவர் முழுநேர சினிமாக்காரர் இல்லை. பன்னிரண்டு வயசிலேயே பெரிய வித்வான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடில் வாசித்த கர்நாடக சங்கீதக்காரர். பெயர் குன்னக்குடி வைத்தியநாதன். ஆக, நீங்கள் சின்ன வயசில் இருந்தே ஒரு கர்நாடக வித்வானைக் கேட்டு வளர்ந்த ஆள்தான். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்!

நம்ம ஜில்லாக்காரர்!

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் இருக்கிறது குன்றக்குடி. பேச்சுவழக்கில் குன்னக்குடி. குன்றின் மேல் சண்முகநாதர் கோயில். மலையே மயில் மாதிரி இருக்கிறது என்பது ஐதீகம். இந்த ஊரில்தான் 1935 மார்ச் 2-ம் தேதி பிறந்தார் வைத்தியநாதன்.

இப்போது அது சிவகங்கை மாவட்டம். ஆனால், 1985-ல் பிரிக்கிற வரைக்கும் குன்றக்குடியும் முதுகுளத்தூரும் ஒரே ராமநாதபுரம் ஜில்லா. அந்தக் கணக்கில் அவர் நம்ம ஜில்லாக்காரர்!

அப்பா ராமசாமி சாஸ்திரிகள் சமஸ்கிருதமும் சங்கீதமும் தெரிந்தவர், கதாகாலட்சேபம் செய்தவர். கதாகாலட்சேபம் என்பது அந்தக் காலத்து ஒன் மேன் ஷோ. கதை சொல்லணும், நடுவில் பாடணும், ஜோக் அடிக்கணும். கூட்டத்தில் நாலு பேர் கொட்டாவி விட்டால் உடனே ரூட்டை மாற்றணும். பையனுக்கு சங்கீதம் சொல்லிக் கொடுத்தது இந்த அப்பாதான். ராகமும் தாளமும் கற்ற அதே வீட்டில், எதிரே உட்கார்ந்திருக்கிற ஜனங்களின் முகத்தைப் படிக்கிற வித்தையும் இருந்தது. பின்னாளில் குன்னக்குடி மேடையில் என்னவெல்லாம் செய்தாரோ, அதற்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்திருக்கும் என்று தோன்றுகிறது.

பன்னிரண்டு வயசிலேயே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர் மாதிரி ஜாம்பவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க உட்கார்ந்தார். அரியக்குடியும் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்தான். இந்த ஐயங்காரின் குரு, ராமநாதபுரம் அரண்மனை வித்வானாக இருந்த பூச்சி சீனிவாச ஐயங்கார். இந்தச் சீமைக்கும் சங்கீதத்துக்கும் அத்தனை கொடுப்பினை. நாமதான் கருவேலங்காட்டையும் தண்ணிப் பஞ்சத்தையும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்!

நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை, திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை ஆகியோருடனும் வாசித்திருக்கிறார் குன்னக்குடி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் தெருவில், ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில் வாசிக்கிற வாத்தியம். அந்தச் சகவாசம் பின்னால் வேலை செய்யும்.

பக்கத்து சீட்!

கச்சேரியில் பிடில்காரரின் வேலை என்ன தெரியுமா? பாடகர் ஒரு வரி பாடுவார். இவர் அதைப் பின்னாலேயே நிழல் மாதிரி பிடிக்கணும். பாடகர் ராகம் பாடி நிறுத்தினால், இவருக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதில் பாடகரைத் தாண்டிப் போகக்கூடாது, ரொம்பப் பின்தங்கவும் கூடாது. பாடகருக்கு மூச்சு வாங்கினால் அந்த இடைவெளி தெரியாமல் நிரப்பணும். அடுத்து என்ன பாடப்போகிறார் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். ஆன் தி ஸ்பாட் எக்ஸாம், தினமும்!

மேடையில் பாடகர் நடுவில். பிடில்காரர் ஓரத்தில். போஸ்டரிலும் அப்படித்தான்.

வைத்தியநாதன் பல வருஷம் இந்த ஓர சீட்டில் உட்கார்ந்தவர். பிறகு 1976-ல் ஒரு முடிவெடுத்தார். இனி யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை, சோலோ மட்டும்தான்!

அப்போது அவருக்கு வயசு 41. பக்கவாத்தியக்காரருக்குப் பத்துப் பாடகர்கள் கூப்பிடுவார்கள், பிழைப்பு ஓடும். தனியாக வாசிக்கிறேன் என்றால், கூட்டம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கவர்மென்ட் வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கடை போடுகிற மாதிரி.

தனி வயலின் கச்சேரி என்பது குன்னக்குடி கண்டுபிடித்த விஷயம் இல்லை. அவருக்கு முன்பே துவாரம் வெங்கடசாமி நாயுடு அதை மேடையேற்றிப் பேர் வாங்கியிருந்தார். லால்குடி ஜெயராமன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன், டி.என்.கிருஷ்ணன் மூவரும் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். ஆனால், அந்தக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் சங்கீதம் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். குன்னக்குடிக்கு சங்கீதமே தெரியாதவர்களும் வேணும். வித்தியாசம் அங்கேதான்.

பிடிலும் தவிலும்... செம கூட்டணி!

வயலின் கச்சேரிக்கு வழக்கமான தாளவாத்தியம் மிருதங்கம். குன்னக்குடி பிடித்தது தவிலை! வலையப்பட்டி ஏ.ஆர்.சுப்பிரமணியத்தின் தவில்.

இது சாதாரண மாற்றம் இல்லை. தவில் நாதஸ்வரத்துக்கென்று இருக்கிற வாத்தியம். ஒரு பக்கம் விரல்களில் கெட்டியான கூடு மாட்டிக்கொண்டு அடிப்பார்கள், மறுபக்கம் கழி. சாமி புறப்பாட்டில் நாலு தெரு தாண்டிக் கேட்கணும் என்பதற்காகவே இருக்கிற சத்தம். வயலினோ ஒரு ஹாலுக்குள் கேட்கிற மென்மையான வாத்தியம். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் வயலின் காணாமல் போகணும். போகவில்லை. காரணம் மைக்! ஆம்ப்ளிஃபயர் என்ற ஒன்று வந்தபிறகு, சின்ன சத்தம் பெரிய சத்தத்தோடு சரிக்குச் சமமாக மோத முடியும். அந்த வாய்ப்பைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டார்கள் இருவரும்.

இவர் வில்லால் ஒன்று சொல்ல, அவர் தவிலில் பதில் சொல்ல, இவர் திரும்பி அவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்க... கீழே விசில் பறக்கும். கிரிக்கெட் மேட்ச்சில் கடைசி ஓவர் மாதிரி இருக்கும் அந்தச் சண்டை. இருவரும் சேர்ந்து வாசித்த கச்சேரிகள் மூவாயிரம் என்று சொல்வார்கள்.

மேடையில் அவர் ஆளைப் பார்த்தாலே ஒரு களை. நெற்றி முழுக்க விபூதிப் பட்டை, நடுவில் பெரிய குங்குமம், பளபள சட்டை. பாட்டில் துக்கம் வந்தால் முகம் சுருங்கும், குறும்பு வந்தால் கண் உருளும். ஒரு தியாகராஜர் கீர்த்தனை முடிந்த கையோடு சினிமாப் பாட்டு வரும், மகுடி வரும். வயலினில் பாட்டின் சொற்கள் கேட்கிற மாதிரியே வில் போடுவார். 'இப்ப என்ன பாட்டு வாசிக்கிறார் சொல்லு' என்று பக்கத்தில் இருக்கிறவரோடு பந்தயம் கட்டலாம்.

சினிமாவில் ஒரு ரவுண்டு

சோலோ முடிவுக்கு முன்பே சினிமாவில் கால் வைத்துவிட்டார். இயக்குநர் ஏ.பி.நாகராஜனின் 'கந்தன் கருணை' 1967-ல் வந்தது. படத்துக்கு இசை கே.வி.மகாதேவன். ஆனால், 'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' பாட்டு மட்டும் குன்னக்குடியின் மெட்டு. பூவை செங்குட்டுவன் எழுதியது. படத்தில் பி.சுசீலாவும் சூலமங்கலம் ராஜலட்சுமியும் பாடினார்கள்.

1969-ல் 'வா ராஜா வா' படத்துக்கு முழு இசையமைப்பாளர். அதற்கடுத்து 1970-ல் 'திருமலை தென்குமரி', 1972-ல் 'அகத்தியர்', 1973-ல் 'ராஜராஜ சோழன்' என்று நாகராஜன் படங்கள் வரிசையாக வந்தன. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழ'னுக்கு இசை ஒரு பிடில் வித்வான்! 1975-ல் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் உஷா உதூப்பை ஆங்கிலப் பாட்டே பாட வைத்தார். பட்டை போட்ட சாஸ்திரிகள் வீட்டுப் பிள்ளை செய்த வேலை இது!

'மருதமலை மாமணியே' கதை இன்னும் சுவாரஸ்யம். சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'தெய்வம்' (1972) படத்தில் வருகிறது. கண்ணதாசன் எழுதியது. பாடியவர் மதுரை சோமு. அவரும் கச்சேரி வித்வான். பின்னணி கொடுத்ததோடு நிற்காமல் திரையிலேயே உட்கார்ந்து பாடுவார். ராகம் தர்பாரி கானடா, வடக்கில் இருந்து வந்த ராஜகம்பீரமான ராகம். மேடையில் ரெண்டு மணி நேரம் உழைத்தால் கிடைக்கிற உச்சத்தை சில நிமிஷத்தில் கொடுத்தாகணும். அதுக்கென்று கட்டப்பட்ட மெட்டு அது. ராகத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் மயிர்க்கூச்செறிகிறதே, அதுதான் குன்னக்குடியின் கணக்கு.

பிற்பாடு 1983-ல் கர்நாடக வித்வான் மதுரை டி.என்.சேஷகோபாலனையே ஹீரோவாகப் போட்டு 'தோடி ராகம்' என்று ஒரு படமும் தயாரித்தார். தைரியம் ஜாஸ்தி!

'இதெல்லாம் சங்கீதமா?'

கைதட்டல் ஒரு பக்கம் என்றால், முணுமுணுப்பு இன்னொரு பக்கம். 'சேஷ்டை பண்றார்', 'கூட்டத்துக்காக வாசிக்கிறார்', 'சினிமாப் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்து கெடுத்துட்டார்' என்று சங்கீத ரசிகர்களில் ஒரு சாரார் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ராகங்களால் நோய் தீரும் என்று அவர் நம்பி ஆராய்ச்சி மையம் நடத்தியதையும் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர்கள் பேச்சில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஒரு ராகத்தை அவசரமில்லாமல் அரை மணி நேரம் விரித்து, கேட்கிறவரை உள்ளே இழுத்துப்போவது ஒரு தவம். கைதட்டல் நிமிஷத்துக்கு நிமிஷம் வேணும் என்றால் அந்தத் தவம் நடக்காது. விசிலுக்குப் பழகின கூட்டம் மௌனத்துக்குப் பழகாது. இதை மறுக்க முடியாது.

ஆனால், எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது. முதுகுளத்தூரிலோ கமுதியிலோ சாயல்குடியிலோ இருக்கிற ஒருத்தர் வயலினை முதன்முதலில் எங்கே கேட்பார்? டிசம்பர் சீசனுக்கு சென்னைக்கு டிக்கெட் எடுத்தா? அவருக்கு வழி கோயில் திருவிழா மேடை. மணலில் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கிற கூட்டம் அது. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். அந்தக் கூட்டத்தை ராத்திரி முழுக்க உட்கார வைப்பது சாதாரண வேலையா? சினிமாப் பாட்டை வாசல் மாதிரி திறந்துவைத்து, உள்ளே வந்தவர்களுக்கு நடுநடுவே கீர்த்தனையையும் ராகத்தையும் ஊட்டினார் அவர். உள்ளே வந்தவர்களில் நூற்றுக்கு ஒருத்தர் அங்கேயே தங்கிவிட்டால்கூட லாபம் சங்கீதத்துக்குத்தானே!

இன்னொன்றையும் கவனிக்கணும். இலக்கணம் தெரியாதவர் செய்த குறும்பு இல்லை அது. அரியக்குடிக்கும் செம்மங்குடிக்கும் நிழலாக உட்கார்ந்து, அடி முதல் நுனி வரை கற்ற பிறகு செய்த குறும்பு. முதலில் படிப்பு, பிறகு விளையாட்டு. ஒரு ரீல்ஸ் ஹிட் ஆனதும் 'நானும் மியூசிஷியன்தான்' என்று கிளம்புகிற நண்பர்கள் நோட் பண்ணிக்கொள்ளலாம்.

பெட்டிச் செய்தி: பிடில் வந்த வழி

வயலின் வெள்ளைக்காரர் வாத்தியம். அது நம்ம சங்கீதத்துக்குள் எப்படி வந்தது? அதற்கும் தென்சீமையில் ஒரு முடிச்சு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859). குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அதில் நம்ம ராகங்களை வாசித்துப் பார்த்தார். பொருந்தியது! பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்வான் ஆனார். நம்ம பக்கத்தில் இருந்து எட்டயபுரம் ரொம்ப தூரம் இல்லை. பாரதி பிறந்த ஊருக்கு இப்படியும் ஒரு பெருமை! தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்தக் காலத்து வயலின் புலி. திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்கு யானைத் தந்தத்தில் வயலின் பரிசு கொடுத்தார்.

வாத்தியம் அதேதான், பிடிக்கிற விதம்தான் வேற. அவர்கள் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பார்கள். நம்மவர்கள் சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றிக்கொள்வார்கள். அதனால் இடது கை வயலினைத் தாங்க வேண்டியதில்லை. விரல் தந்தி மேல் தாராளமாக வழுக்கி ஓடலாம். கமகம் என்கிற அசைவு வருவதே அதனால்தான். நாலு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்ப்பார்கள். மனுஷக் குரல் மாதிரியே பேசும். அதனால்தான் பாட்டுக்குப் பக்கத்திலேயே அதற்கு நிரந்தர சீட்!

திருவையாற்றில் முன் வரிசை

விமர்சனத்துக்கெல்லாம் பதில் சொல்கிற மாதிரி இன்னொரு குன்னக்குடியும் உண்டு. தியாகராஜர் சமாதி இருக்கிற திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனை விழா. அதை நடத்துகிற சபாவின் செயலாளராக 28 வருஷம் இருந்தார். பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கான வித்வான்கள் காவிரிக்கரையில் ஒன்றாக உட்கார்ந்து பாடுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள். அந்தக் கூட்டத்தில் வில்லைத் தூக்கிக்கொண்டு, எல்லாரையும் கண்ணாலேயே வழிநடத்திக்கொண்டு முன்னால் இருப்பார் அந்தக் குங்குமக்காரர்.

திருவிழா மேடையில் மகுடி வாசித்த அதே கை, இங்கே தியாகராஜருக்கு வாசித்தது. அவருக்கு ரெண்டும் ஒரே சங்கீதம். 'அது வேற கூட்டம், இது வேற கூட்டம்' என்று பிரித்ததெல்லாம் நாமதான்.

விருதுகளும் தேடி வந்தன. 1993-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 2005-ல் பத்மஸ்ரீ. 2008 செப்டம்பர் 8-ம் தேதி சென்னையில் காலமானார். வயசு 73.

அவர் விட்டுப்போனது என்ன?

கர்நாடக வித்வான் தபலாக்காரரோடு ஆல்பம் போடுவது இன்று செய்தியே இல்லை. குன்னக்குடி அந்தக் காலத்திலேயே ஜாகிர் உசேனோடு சேர்ந்து அதைச் செய்தார். கல்யாண ரிசப்ஷனில் வயலின்காரர் சினிமாப் பாட்டு வாசித்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. காலேஜ் கல்ச்சுரல்ஸில் ஒரு பொண்ணு ராக ஆலாபனையில் ஆரம்பித்து ரஹ்மான் பாட்டில் முடித்தால் ஆடிட்டோரியமே எழுந்து நிற்கிறது. இந்தச் சுதந்திரத்துக்காக அந்தக் காலத்தில் திட்டு வாங்கின முக்கியமான ஆள் அவர்.

ஆனால், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கேட்கிற கூட்டத்தை அவர் நம்ம ஊர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். வாசிக்கிற கை நம்ம ஊரில் இருந்து எத்தனை கிளம்பியிருக்கிறது? அவருக்கு வீட்டிலேயே அப்பா குருவாகக் கிடைத்தார். அந்த வாய்ப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு?

வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாத வழி. ராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், மிருதங்கத்தோடு வயலினும் சொல்லித் தருகிறார்கள். மூன்று வருஷப் படிப்பு. யாருடைய பிள்ளை, எந்தத் தெரு என்றெல்லாம் கேள்வி இல்லை. ஒரு காலத்தில் சங்கீதம் கற்க இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அரசுப் பள்ளியின் அருமை புரியும். உங்கள் தெருவில் மேஜையைத் தட்டித் தாளம் போடுகிற வாண்டு ஒன்று இருக்குமே, அதன் அம்மாவிடம் இந்தத் தகவலைச் சொல்லுங்கள். புண்ணியமாப் போகும்!

பெட்டிச் செய்தி: போனில் தேடிக் கேளுங்க!

1. 'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' (கந்தன் கருணை): ரெண்டு பெண் குரல்கள் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கிற அழகுக்காக.

2. 'மருதமலை மாமணியே' (தெய்வம்): மதுரை சோமுவின் குரல் மேலே ஏறுகிற இடத்துக்காக. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள்.

3. 'வென்றிடுவேன்' (அகத்தியர்): டி.எம்.எஸ்.ஸும் சீர்காழியும் ராகம் ராகமாக மோதுகிற போட்டிப் பாட்டு. ராகங்களின் பெயரைக் கற்றுக்கொள்ள இதைவிட ஜாலியான டியூஷன் கிடையாது.

4. குன்னக்குடி வயலின் - வலையப்பட்டி தவில் கச்சேரி, எதுவானாலும் ஒன்று. ரெண்டு பேரும் முறைத்துக்கொள்கிற இடம் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

5. திருவையாறு பஞ்சரத்னத்தின் பழைய ஒளிபரப்பு. கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரிய குங்குமம்தான் அடையாளம்!

அடுத்த தடவை திருவிழாவில் வேப்பமரத்துக் குழாய் 'மருதமலை' என்று ஆரம்பிக்கும்போது, பக்கத்தில் இருக்கிற ஃப்ரெண்டிடம் கேளுங்கள், 'இது என்ன ராகம் தெரியுமா மாப்ளே?' என்று. அவன் முழித்தால், நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.